ஏழாவது ஊசி

சோப்புத் துண்டில் குத்தி வைத்தால்
ஊசி துணியில் வழுக்கிக்கொண்டு போகும்.
ஏழு இருந்தது.
ராத்திரி பதினொன்றரைக்கு
கடைசி முடிச்சைப் பல்லால் அறுத்துவிட்டு
எண்ணிப் பார்த்தேன்.
ஆறு.

விடிந்தால் ஞானஒளிவுபுரத்தில்
ஜெனோவாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம்.
பதினோரு வருசம் கழித்துப் பிறந்தவன்.
அவனுக்காக ஐம்பத்தாறு கட்டம்:
கம்பெனியில் கழித்துப்போட்ட நைட்டித் துணி,
பள்ளிக்கூடச் சட்டைக் கோடு,
என் கல்யாணச் சுங்குடியில் சாயம் போகாத ஓரம்,
ஜெனோவாவே எனக்குத் தந்து
நான் கட்டித் தீர்த்த பச்சைப் புடவை.
நடுவில், வெளுத்து வெளுத்துப் பூவாகிவிட்ட
வேட்டி இரண்டு மடிப்பு.

செல்லூரில் என் தையல் போகாத சொந்தக்கார வீடில்லை.
நாத்தனார் கிரைண்டருக்கு உறை.
கொழுந்தன் ஓட்டும் மினிபஸ்ஸில் முதுகுக்கு மெத்தை.
வீட்டுக்காரரின் மைக்குகளுக்கு
ஆளுக்கொரு வெல்வெட் குல்லா.
மஞ்சள் குல்லா போட்டது கரகரக்கும்,
அது எழவு வீட்டுக்கு மட்டும்.
கொடுத்ததில் பாதி பரணில் கிடக்கிறது, தெரியும்.
தெரிந்துதான் தைக்கிறேன்.

பாயில் விரித்து உள்ளங்கையால் தடவினேன்.
பிறகு முழங்கையால்.
பிறகு கன்னத்தை வைத்து
பிள்ளை கிடப்பதுபோல் கிடந்து பார்த்தேன்.

வெளிச்சத்தில் எழுந்து வந்த ஒச்சப்பன்
என்ன என்று கேட்கவில்லை,
சோப்பைப் பார்த்துவிட்டார்.
பழுதான ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்து
வட்டக் காந்தத்தை எடுத்துவந்து
கட்டம் கட்டமாக நகர்த்தினார்.
பள்ளிக்கூடக் கோட்டில் 'டிக்' என்றது.
ஸ்டாப்ளர் பின்.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் இருந்து வந்த மாதிரி.
இரண்டாம் சுற்றில் ஒன்றுமில்லை.
மூன்றிலும்.
"இல்ல போல" என்றார்.

இல்ல போல என்பதன் மேல்
பச்சைப் பிள்ளையைப் படுக்கப்போட முடியாது.

ஐநூற்றொரு ரூபாய்க் கவரை
ஜெனோவா முன்னும் பின்னும் திருப்பினாள்,
என் கட்டைப்பையைப் பார்த்தாள்.
"ஊருக்கெல்லாம் தச்சுக் குடுக்கிற" என்றாள்.
மிச்சத்தை அவள் சொல்லவில்லை.
"சாப்ட்டுப் போ."
சாப்பிட்டேன்.

லீவு முடிந்து அவள் கம்பெனிக்கு வந்த அன்றே
ஓவர்லாக் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னேன்.
"ஊசி! ஊசி!"
வரிசையே திரும்பி
அவரவர் மடியைத் தட்டிப் பார்த்தது.
அவள் மட்டும் காஜா மிசினை நிறுத்திவிட்டு,
"அதையே குடு, நான் போத்திக்கிறேன்" என்றாள்.
கொடுக்கவில்லை.

இரண்டாவது சின்னது. முப்பதே கட்டம்.
கோணல் ஒன்று இருக்கிறது, நானே காட்டமாட்டேன்.
ஊசிக் காதில் எப்போதும் சிவப்பு நூல் வால்.
உட்காரும்போது ஆறு, எழும்போது ஆறு,
வாய்விட்டு எண்ணினேன்.
ஒரு தடவை அடுத்த அறையிலிருந்து அவர்
"ஆறா?" என்று கேட்டார்.

பிள்ளைக்குப் பல் முளைக்கும் நேரத்தில் கொண்டுபோனேன்.
ஜெனோவா கட்டிலில் விரித்தாள்.
நல்லாருக்கு என்று சொல்வதற்கு முன்
மூலைக்கு மூலை கையை ஓட்டினாள்.
திருப்பிப் போட்டு மறுபடி.
அப்புறம் குனிந்து கன்னத்தை வைத்தாள்.
நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.
பிறகுதான் அவனைப் படுக்க வைத்தாள்.
அவன் சுங்குடிப் புள்ளி ஒன்றைப் பிய்த்தெடுக்கப் பார்த்தான்.

முதல் போர்வை எங்களிடம்.
மார்கழிக்கு நல்ல சூடு.
ஐம்பத்தாறு கட்டமும் அதனதன் இடத்தில்.
கால் பக்கம் பச்சை வருகிறபடி போர்த்துகிறோம்,
அங்கேதான் இருக்கும் என்பது அவர் கட்சி.
எனக்கு, வேட்டி மடிப்புக்குள் என்று.
கரண்ட் போன ராத்திரிகளில்
இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.
பேச்சு முடிந்து
இருவரும் மெதுவாகத்தான் புரள்கிறோம்.